சிவப்புக் கோடு

ஓடென்ஸில் பட்டம் வாங்கிய அன்று
ஒரு தாள் கொடுத்தார்கள்.
கேட்பியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கப்படுபவை,
பதினேழு வரிகள்.
டோர்ஷாவ்னில் வேலைக்குச் சேர்ந்த வாரமே
ஆடும் அச்சுப்பொறி மேசைக்கு
அதை நாலாய் மடித்து அண்டைக் கொடுத்தேன்.
பிறகு மேசை ஆடவில்லை.

ஹெர்கெய்ர் வந்தது மார்ச்சில்.
தெற்குத் தீவிலிருந்து இரண்டு மணி நேரக் கப்பல்,
அலை அதிகம், சட்டையில் டீசல் வாடை.
மீன் ஆலையில் பனிக்கட்டி உடைக்கும் இயந்திரத்தோடு
முப்பத்தொரு வருஷம்.
நிறையப் பேசினார்.
வலது காது கொஞ்சம் மந்தம், என்றார்.
போனை எப்பவும் இடது காதில்தான் வைப்பேன், என்றார்.
செம்மறி கத்தினால் எந்தச் சரிவிலிருந்து என்று
தெரியமாட்டேன் என்கிறது, என்றார்.
நான் தலையாட்டிக்கொண்டே
காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன்.
செவிப்பறை முத்துப்போல் சுத்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்,
கையில் பொத்தான்.
ஒலி கேட்டபோதெல்லாம் அமுக்கினார்,
ஒரு முறைகூட ஏமாற்றவில்லை.
இடதுக்கு நீலப் பெருக்கல் குறிகள்,
வலதுக்குச் சிவப்பு வட்டங்கள்.
வட்டங்களைச் சேர்த்தேன்: நடுத்தரக் குறைபாடு.
வலது காதுக்கு ஒரு கருவி எழுதிக் கொடுத்தேன்,
சாம்பல் நிறம், அவரே தேர்ந்தெடுத்தது.
மூன்றேகால் கப்பலுக்கு ஓடினார்.

இரவு அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.
சிவப்புக் கோட்டில்
நீலக் கோட்டின் அதே நெளிவு.
நாலாயிரத்தில் அதே பள்ளம்.
ஐம்பது டெசிபல் கீழே,
வெயிலில் நடப்பவன் காலடியில்
ஒட்டிக்கொண்டு வருவதுபோல.

மண்டை ஓடு சுவர் இல்லை.
ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் கேட்டுவிடும்.
நல்ல காதுக்கு இரைச்சல் ஊட்டி
அதை வேலையாய் வைத்துவிட்டுத்தான்
மற்றதை விசாரிக்க வேண்டும்.
தேர்வில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.
இன்று இரைச்சலைத் திறக்கவே இல்லை.
அரை மணி நேரம் இடது காது
வலது காதின் பெயரில் சாட்சி சொல்லியிருக்கிறது.
போன். செம்மறி.
எல்லாம் என் காதில் விழுந்துதான் இருந்தது.

கருவி பழுது என்று சொல்லிக் கூப்பிடலாம்.
நம்புவார்.
அடுப்பைப் பார்த்தபடி
அந்த வாக்கியத்தை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் பயம்.

காலையில் போன் செய்து
தவறு என்னுடையது என்றேன்.
அவருக்குப் பின்னால் ஆலை இரைந்தது.
"அப்போ நான் பொய்யா அமுக்கினேன்?"
"இல்லை. நீங்கள் கேட்டது நிஜம்.
கேட்ட காதுதான் வேறு."
கொஞ்ச நேரம் ஆலை மட்டும்.
"இன்னொரு நாள் சம்பளம் போகும்."
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

வியாழக்கிழமை மறுபடி.
இடது காதில் தகரக்கூரை மழைபோல் இரைச்சல்.
வலதுக்கு ஒலி அனுப்பினேன்,
கூட்டினேன், இன்னும் கூட்டினேன்.
பொத்தான் மேல் கட்டைவிரல்
வரைந்து வைத்ததுபோல் இருந்தது.
தாளில் வட்டங்களுக்கெல்லாம்
கீழ்நோக்கி அம்பு முளைத்தது.

ஒரு காது மட்டும் இப்படி என்றால்
காரணம் தேட வேண்டும்,
அது என் கைக்கு மேலே,
தலையை ஸ்கேன் எடுக்க அனுப்புகிறேன் என்றேன்.
கட்டியா, என்றார்.
தெரியாது, என்றேன்.
அப்படிச் சொல்லவும் பதினேழில் ஒரு வரி உண்டு,
எத்தனையாவது என்று ஞாபகமில்லை.

அவர் துறைமுகத்தைப் பார்த்தார்.
"சாப்பாட்டு மேசையில் பியோர்க்
எப்பவும் என் இடப்பக்கம்தான் உட்காருவாள்.
கடல் தெரியணும்னு நினைச்சிருந்தேன்."

பழைய சிவப்புக் கோட்டைக் கோப்பிலிருந்து அழிக்கவில்லை.
பக்கத்தில் தேதி போட்டு,
மற்றக் காதை மறைக்காமல் எடுத்தது, மார்யுன்,
என்று எழுதினேன்.
பிறகு நாற்காலியை அவருக்கு இடப்பக்கம் இழுத்துப் போட்டு
அந்தச் செம்மறி விஷயத்தை
முதலிலிருந்து கேட்டேன்.