பன்னிரண்டாம் நாள்

சூளையிலிருந்து எடுத்தபோது ஒரு குறையும் இல்லை.
சுண்டினால் கணீர் என்றது ஒவ்வொன்றும்.
தொண்டி சாலை ஹாஜாமைதீன் கடைக்கு
நூற்றிருபது கோப்பைகள்.
வைக்கோல் சுற்றி, பேருந்தின் கடைசி இருக்கையில்
மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் போன்:
"என்னம்மா, ஒன் கப்புக்கெல்லாம்
அம்மை போட்டிருக்கு."

அம்மைதான்.
விளிம்பில், வயிற்றில், கைப்பிடி ஒட்டிய இடத்தில்
நகக்கண் அளவு சில்லுகள் தெறித்து
குழிக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.
யாரோ டீயோடு ஒன்றை மென்றிருக்கிறார்.
மீதிப் பணம் வேண்டாம் என்றேன்.
அவர் எடுத்து வைத்திருக்கவும் இல்லை.

ராத்திரி படம் எடுத்து அனுப்பினேன்,
நான் முகம் பார்த்திராத ஆட்களுக்கு.
அவர்கள் பாத்திரத்தில் பதிந்த
பெருவிரலை மட்டும் எனக்குத் தெரியும்.

மானாமதுரை சோணைமுத்து இருமிவிட்டுப் பேசினார்:
மண்ணச் சலிக்கலையா தாயி?
சலித்தேன். இரண்டு தடவை,
என் நைலான் சேலையில்.

புதுச்சேரிப் பையன், ஆயிரத்து இருநூறு டிகிரிக்காரன்,
மண்ணையே மாற்றச் சொன்னான்.
குஜராத்திலிருந்து மூட்டையில் வருமாம்.
லாரி வாடகையும் அவனே சொன்னான்.
அதன்பிறகு கொஞ்ச நேரம்
நான் ஒன்றும் பேசவில்லை.

காரங்காட்டு மரியபுஷ்பம்
ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
கம்மாய்ல எந்தப் பக்கம் வெட்டுன?

கிழக்கே.
தாசில்தார் சீட்டில் குறித்திருந்த பக்கம்.
திருப்பாலைக்குடியில் அந்தக் கரைமேல் ஏறினால்
கடல் தெரியும்.
மட்டி, சிப்பி, ஊரி,
எந்தப் புயலிலோ உள்ளே வந்து
திரும்பிப் போகாதவை
பொடிப்பொடியாக என் மண்ணில்.

வெந்த சிப்பி சுண்ணாம்பு.
அதன் குணம்
ஒரு துளி ஈரம் பட்டாலும் பொங்குவது.
சுவருக்குள் கடுகளவு உட்கார்ந்து
கொண்டல் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து
பன்னிரண்டு நாள் வாயைத் திறக்காமல்
இருந்திருக்கிறது.
எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மரியபுஷ்பம் சொன்னாள்:
கடத்தண்ணி ஊத்திப் பெசஞ்சு பாரு.
ஏன்னு எனக்குத் தெரியாது.
எனக்கு வெடிக்கல.

சோணைமுத்துவுக்குக் கோபம்.
உப்பு பட்டா பானை பூத்துப்போகும்,
உப்புத் தண்ணிக்குப் பயந்து
நாங்க கெணறே மாத்துனவங்க.
இரண்டு ராத்திரி யாரும் யாரோடும் பேசவில்லை.

மூன்றாவது ராத்திரி பையன் வந்தான்.
எங்கோ படித்திருக்கிறான்,
சிப்பி மண்ணுக்கு உப்பு நல்லதுதானாம்.
எத்தனை சதவீதம் அக்கா?

மரியபுஷ்பம் யோசித்தாள்.
நாக்குல வச்சுப் பார்ப்பேன்.
ரசத்துக்கு மேல, ஊறுகாய்க்குக் கீழ.

அதை எப்படி எழுதிக்கொள்வது என்று
அவன் கேட்டது நியாயமான கேள்விதான்.

நான் இரண்டு குடம் கடலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
எதிர்ப்பட்டவர்களிடம்
மீன் கழுவ என்று சொல்லிவைத்தேன்.
பிசையும்போது விரலிடுக்குப் புண் எரிந்தது.
சக்கரத்தில் மண் வழக்கத்தைவிடத் தளர்ந்து வந்தது,
தூங்கி எழுந்த பிள்ளையின் கை மாதிரி.

முப்பது கோப்பைகள். சீமைக்கருவேல விறகு.
வெந்து ஆறியதும்
காற்று நேராக அடிக்கிற ஜன்னலில் அடுக்கினேன்.

ஐந்தாம் நாள் வெளிப்புறம் மெல்ல வெளுத்தது.
சோணைமுத்து சொன்னதும் சரிதான்,
படம் எடுத்து முதலில் அவருக்கே அனுப்பினேன்.
எட்டாம் நாள் பையன்: ஆச்சா?
பத்தாம் நாள் மரியபுஷ்பம் ஒன்றும் கேட்கவில்லை,
அவள் சூளையில் விறகு முறிகிற சத்தத்தை
அரை நிமிஷம் பதிந்து அனுப்பியிருந்தாள்.
ஹாஜாமைதீன் கண்ணாடி டம்ளருக்கு மாறிவிட்டதாக
நடத்துநர் சொன்னார்.

இன்று பன்னிரண்டு.
விடியுமுன் எழுந்து
விளக்குப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
வெகு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, ஒரே ஒரு தடவை,
டிக்.

முப்பதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
எது என்று
இன்னும் கிடைக்கவில்லை.