பதினெட்டாவது கேள்வி

பெயர் யோகமலர். வயது?
அட்டையில் ஐம்பத்திரண்டு.
அம்மாவின் கணக்கில் ஐம்பத்துநாலு:
இடம்பெயர்ந்து வந்து பதிந்தபோது
கிராம சேவகர் இரண்டு வருஷத்தைக்
கச்சேரி வாசலிலேயே விட்டுவிட்டார்.
"அட்டையில இருக்கிறதையே எழுதுவம் அக்கா"
என்றாள் பர்ஸானா, கிண்ணியாப் பிள்ளை,
ஆராய்ச்சிக்கென்று போட்டிருக்கும் தாதி.

மேசையில் பன்னிரண்டு பக்கம்.
பாதிப் பேருக்குப் புது மருந்து,
மற்றப் பாதிக்குப் பழையது;
யாருக்கு எது என்று
கணினி குலுக்கிப் போடுமாம்.
சீட்டுப் பிடித்த காலத்தில் ஒருமுறையும்
எனக்கு முதலில் விழுந்ததில்லை என்றேன்.
சிரித்தாள்.
அந்தக் குலுக்கலுக்குள் நுழையத்தான்
இத்தனை கேள்வியும் என்றாள்.

கட்டி இரண்டு தசம் எட்டு சென்ரிமீற்றர்.
மீன் குளிரறையில் பதினேழு வருஷம்
பாரையும் சூரையும் நிறுத்து எழுதியவள் நான்.
என்னை இன்னொருத்தி எழுதுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கர்ப்பமா?
"எழுதியிருக்கு அக்கா, கேக்கத்தான் வேணும்."
ஈரல் சரி. சிறுநீரகம் சரி.
இதயம் அறுபத்தொரு வீதம் என்று
எக்கோ எடுத்த பையன் சொன்னபோது
கணக்கில் பாஸான மாதிரி
ஒரு அற்பச் சந்தோஷம்.
மூன்று கிழமைக்கு ஒருக்கால் கொழும்பு?
இரவு ரயில் இருக்கு.
கூட வர ஆள்?
ரயிலில் ஒரு பெட்டிச் சனம் வருமே என்றேன்.

கடற்காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தது.
அதன்மேல் ஒரு மருந்துப் போத்தலை வைத்தாள்.
பதினெட்டு:
"உடம்புக்குள்ள உலோகம் ஏதும் இருக்கா?
எம்.ஆர்.ஐ. எடுக்கவேணும்.
அது பெரிய காந்தம்."

இல்லை.

என் வாய் எனக்கு முன்னம் சொல்லிவிட்டது.
அந்த இல்லையை எனக்குத் தெரியும்.
இறங்குதுறையில், சாவடியில்,
பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்ட ஒவ்வொரு முறையும்
முதுகைக் காட்டாமல் சொன்னது.
காயம் இருந்தால் கேள்வி இருக்கும்.
கேள்வி இருந்தால் பஸ் நிற்காது.

அரிசியிலும் கொஞ்சம் பெரிசு.
இடது தோட்பட்டைக்குக் கீழே,
மூதூரில் ஷெல் விழுந்த மத்தியானத்திலிருந்து
வாடகை தராத குடியிருப்பு.
மழைக்கு முதல்நாள் மட்டும்
தான் இருப்பதைச் சொல்லும்.
மகனுக்கும் சொன்னதில்லை;
கட்டாருக்குப் போகும்போது அவனுக்குச் சொல்ல
வேறு எத்தனையோ இருந்தது.

பர்ஸானா பத்தொன்பதுக்குப் போய்விட்டாள்.
ஒவ்வாமை ஏதும்?
இறால் மட்டும்.
இருபது. இருபத்தொன்று.
பிறகு கேட்டேன்:
"தங்கச்சி, கொஞ்சம் பின்னுக்குப் போகலாமா?"

சொல்லி முடிய
பேனாவை மூடி வைத்தாள்.
"எங்கட உம்மாக்கும் ஒண்டு இருக்கு, கால்ல."
தாளைப் பார்த்தபடிதான் சொன்னாள்.
எந்தப் பக்கமிருந்து வந்தது என்று
நானும் கேட்கவில்லை,
அவளும்.

பெட்டியில் புள்ளடி போடவில்லை.
ஓரத்தில் பென்சிலால்
சின்னதாய் ஒரு கேள்விக்குறி.
"எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பம்.
சில துண்டுக்கு விடுவாங்க, சிலதுக்கு விடமாட்டாங்க.
பெரிய டொக்டரிட்டக் கேட்டுச் சொல்றன்.
சேர்க்காட்டியும் உங்கட மருந்து நிக்காது,
அது வேற, இது வேற."
இதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்
தகவல் தாளை மடியில் விரித்து
முதலிலிருந்து வாசித்தேன்.
ஊர் மான் ஒன்று, கொம்பு பாதி உடைந்தது,
கடலைச் சுருள் என்று நினைத்ததோ என்னவோ,
கடைசிப் பக்கத்தின் மூலையைக் கடித்து
நின்று மென்றது.
எந்த நேரமும் காரணம் சொல்லாமல்
விலகிக்கொள்ளலாம் என்ற வரியில்
விலகி வரைக்கும் போய்விட்டது.

மிச்சத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
கிண்ணியாப் பக்கம் வானம் கறுத்திருந்தது.
முதுகு
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.