நான்காவது வரிசை

இருட்டறையில் படலத்தைத் தூக்கிப் பார்க்கிறேன்.
நான்காவது வரிசை வெறுமை.
ஆறு வாரம் முன்பு அங்கே
கரித்துண்டால் இழுத்ததுபோல் ஒரு பட்டை இருந்தது.

நாற்பத்தேழு. பெயர் எங்களுக்குச் சொல்லப்படாது.
ட்ரியெஸ்தே துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
இடப்பக்க மூளை.
தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால்:
கடிகாரப் படத்தைக் காட்டினால் கயிறு என்கிறார்.
கோப்பையும் கயிறு.
மனைவியை மட்டும் சரியாக நெரினா என்கிறார்.

செல்லின் தோலில் நிற்கிற புரதம் அது.
வெளியிலிருந்து ஒன்று வந்து தொட்டால்தான்
உள்ளே திரும்பி 'வளர்' என்று சொல்ல வேண்டும்.
இவருடையதற்கு வெளித்தலை அறுந்திருக்கிறது.
தொட ஆளில்லை, தொட இடமுமில்லை,
சொல்லிக்கொண்டே இருக்கிறது
வளர் வளர் வளர்

வாயைப் பொத்தத்தான் மாத்திரை.
பொத்திவிட்டது என்று மௌரோ எல்லோருக்கும் காப்பி வாங்கினான்.
வெறும் வரிசையை நான் கைப்பேசியில் படமெடுத்தேன்.
மறுநாள் ஸ்கேன்:
கட்டி நான்கு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

அது வாய் மூடவில்லை. ஒளிந்துகொண்டது.
அந்த மரபணுவைக் குரோமோசோமுக்கு வெளியே
குட்டிக்குட்டி வளையங்களாக வைத்திருக்கின்றன அந்தச் செல்கள்.
மழைக்குக் கொடித்துணியை அள்ளுவதுபோல்
மருந்து வந்ததும் அள்ளிக்கொண்டன.
அப்புறம் வேறு வாசல் வழியே சாப்பாடு.

"நிறுத்துவோம்" என்றார் டாக்டர் கொஸோவெல்.
எதை?
"மருந்தை. வெளியே வரட்டும். வந்த பிறகு கொடுப்போம்."
எலியில் சரி, இவர் எலியில்லையே என்றேன்.
தெரியும் என்றார்.
சுத்தமாக இருந்த கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரம் மாத்திரையில்லை.
கட்டியின் குழியிலிருந்து இழுத்த இரண்டு சொட்டு நீர்,
இன்றிரவு மறுபடி இந்த இருட்டு.
நான்காவது வரிசையில் ஏதோ.
விளக்குக்கு அருகே கொண்டுபோனேன்.
இருக்கிறது. மங்கலாக, ஆனால் இருக்கிறது.

சந்தோஷப்பட்டேன்.
ஒருவர் மண்டைக்குள் புற்று மறுபடி
பேசத் தொடங்கியதற்குச் சந்தோஷப்பட்டேன்.
மௌரோவை எழுப்பிச் சொல்ல எண்ணை எடுத்து
வைத்துவிட்டேன்.

வெளியே போரா.
மலையிலிருந்து இறங்கிக் கடலைச் சீவும் காற்று.
வழுக்கும் சரிவில் நகராட்சி கயிறு கட்டியிருக்கிறது.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்,
விரலில் இன்னும் படலம் கழுவிய நீரின் நாற்றம்.
பாதியில்
மணி பார்க்க ஒரு கையை எடுத்தேன்.
காற்று அரையடி தள்ளியது.
திரும்பப் பிடித்தேன்.

காலை ஏழுக்கு அவருக்கு மாத்திரை.