மதிப்பு: இல்லை

கிருலப்பனை, மூன்றாம் மாடி, இரவு பதினொன்று பத்து.
மென்பொருள் இலவசம்.
டேட்டாவுக்குத்தான் காசு:
மண் முழுதாய் இறங்கி முடிய
இரண்டு தரம் ரீலோட் போட்டேன்.

முதலில் இலங்கை கடலில் விழுந்தது.
ஆப்பிரிக்காவின் கக்கத்தில்,
பூச்சியத்தைப் பூச்சியம் வெட்டும் இடத்தில்
ஒரு தூசியாய் மிதந்தது.
"ப்ரொஜெக்‌ஷன மாத்துங்க மிஸ்" என்று
வட்ஸப்பில் மிஸ்பா. அவன் தூங்குவதே இல்லை.
மாற்றினேன். வந்து ஒட்டிக்கொண்டது,
ஆனாலும் எண்பது மீற்றர் மேற்கே விலகி
கரையோரத் தண்டவாளம் அலைக்கு மேலே.
இன்னொரு தரம்.

பிறகுதான் நிறங்கள்.
சதுரம் சதுரமாய்,
ஒன்று இருநூற்றைம்பது மீற்றர்.
யாரும் கிண்டிப் பார்க்காத மண்.
மழையையும் சரிவையும் செய்மதியையும் விசாரித்து
கணினி ஊகித்த மண்.
எவ்வளவு பிழைக்கலாம் என்பதற்கும்
தனியாய் ஒரு படலம் இருந்தது, ஊதா நிறத்தில்.
எங்கள் கம்பனி அறிக்கைகளில்
அந்தப் பக்கம் இல்லை.

கொலன்னாவைச் சதுப்பு கருநீலம்.
நாளை திலங்க சேர் கேட்கப்போவது அதைத்தான்:
பன்னிரண்டு மாடி நிற்குமா?
பைல் அனுப்பிவிட்டேன் என்பேன்.
பைல் எவ்வளவு ஆழம் என்பார்.
என்னுடையது லெப்டொப்பில் இருப்பது,
அவருடையது நிலத்தில் அறைவது.

தகவல் காட்டும் அம்பை எடுத்து
என் கட்டிடத்தின் மேல் அழுத்தினேன்.
மதிப்பு: இல்லை.
தெமட்டகொடை, இல்லை. பொரளை, இல்லை.
நகரங்களுக்கு மண் கிடையாதாம்.
கொழும்பு இருக்கவேண்டிய இடத்தில்
கொழும்பின் வடிவத்தில் ஒரு பொத்தல்.

கீழே அதே நேரம்
குழாய் வெடித்து, தண்ணீர்ச் சபை ஆட்கள்
தாரை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
பல்கனிக்குப் போனேன்.
இடுப்பளவு பள்ளம். சல்லி, பிறகு செங்கல் தூள்,
பிறகு கறுப்பு.
அழுகின கோரையின் மணம்
படியேறாமலே மூன்றாம் மாடிக்கு வந்தது.
ஒருவன் மண்வெட்டியை விரலால் வழித்து
எங்கள் மதிலில் துடைத்தான்.

திரும்பி வந்து
பொத்தலுக்குள் ஒரு புள்ளி வைத்தேன்.
ஆழம்: ஓர் ஆளின் இடுப்பு.
நிறம்: கறுப்பு.
ஆதாரம் என்ற கட்டத்தில்
மூக்கு என்று எழுதி, அழித்து,
திரும்பவும் எழுதினேன்.
சேமிக்கவா என்று கேட்டது.

காலையில் பள்ளம் மூடியிருந்தது,
மேலே பஸ் ஓடிக்கொண்டிருந்தது.
மதிலில் அந்த விரல் கோடு
காய்ந்து, நுண்ணிதாய் வெடித்திருந்தது.
களிதான்.