இரண்டாம் பாதி

எங்கள் தொழிற்சாலையில் வீட்டுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
பதினேழு-அ, பதினேழு-ஆ.
அ-வில் அடுப்பும் குளியலறையும்.
ஆ-வில் இரண்டு படுக்கையறை, கிழக்கே ஒரு ஜன்னல்.
சேர்த்துப் பூட்ட நாற்பத்தெட்டு போல்ட்.
டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவன் நான்.

சிலே நாட்டின் தெற்கே, சிலோயேக்கும் அந்தப் பக்கம்
ஒரு குட்டித் தீவு.
அங்கே மழை வந்துபோவதில்லை,
குடியிருக்கிறது.

முதல் பாதி மார்ச்சில் இறங்கியது.
இரண்டாவது கிளம்பும் முன்
சரக்குப் படகின் சாய்தளம் முறிந்தது.
'வசந்தத்தில் அனுப்புகிறோம்' என்று நிறுவனம் எழுதியது.
குளிர்காலமோ வாசலில் நின்றது.

எடெல்மிரா நவெல்கின், சிப்பிப் பண்ணைக்காரி,
மூன்று பிள்ளைகளோடு
அரை வீட்டில் குடியேறினாள்.
மூன்று பக்கம் சுவர்:
உள்ளே அவர்கள் தீவு ஆடுகளின் கம்பளி,
வெளியே மீன்செதிலாய் அடுக்கிய மரச்சில்லு.
(பழைய வீடுகளின் சில்லு மரத்தை இன்று வெட்டக் கூடாது.
இது நட்டு வளர்த்த சைப்ரஸ், இயந்திரம் சீவியது.
முனை மட்டும் அவள் கேட்டபடி வட்டம்.)
நான்காம் பக்கம் தார்ப்பாய்.
இரவெல்லாம் அது மூச்சு விட்டது.

ஜூனில் போன் செய்தாள்.
'பாதியை எதிர்க்கரையில் இறக்கி வையுங்கள்.
மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

அதிகாலை நாலு பத்துக்குக் கடல் ஏறியது.
சிப்பிப் பண்ணையின் கறுப்பு மிதவைகள் அறுபது,
படகுகள் பதினொன்று,
வடம் பிடித்தவர்கள் எத்தனை என்று எண்ணவில்லை.
மூன்று பாகைக்கு மேல் சாய்க்காதே என்கிறது
எங்கள் கையேடு.
அது சாய்ந்த சாய்வில்
நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

நடுக் கால்வாயில் திரும்பினால்
கிழக்கு ஜன்னல் தெற்கைப் பார்க்கிறது,
பிறகு மேற்கை,
பிறகு என்னை.
மூன்றடுக்குக் கண்ணாடிக்குப் பின்னால்
கடைக்குட்டி சிரில்லோ, கையசைக்கிறான்.
அவனை ஏற்றியது யாரென்று
இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கரையில் ஆறு ஜோடி எருதுகள்.
வழுவழுப்பான யூகலிப்டஸ் உருளைகள்,
சேறு, கத்தல், கெட்ட வார்த்தைகள்,
ஒரு எருது நடுவழியில் படுத்துவிட்டது.
அதற்கும் சேர்த்து எல்லோரும் ஓய்வெடுத்தோம்.

மதியத்துக்கு மேல் பாதியும் பாதியும் முகம் பார்த்தன.
நாற்பத்தேழு போல்ட் சொன்னபடி கேட்டது.
நாற்பத்தெட்டாவது துளை விலகி நின்றது.
மேல் மூலையில் இரண்டு விரல் இடைவெளி:
கடல் வீட்டைச் சற்று முறுக்கியிருந்தது.
நான் நிறுவனத்துக்குப் போன் செய்ய மேடு தேடி ஏறினேன்.
இறங்கி வருவதற்குள்
படகு கட்டும் எலியேசர் பராயா
மரப்பட்டை நாரைத் திரித்து
உளியால் அடித்து அடைத்துவிட்டார்,
படகின் விரிசலை அடைப்பதைப் போலவே.
'தண்ணீர் வராது' என்றார்.
'காற்று?' என்றேன்.
பதில் சொல்லாமல் கையைக் கழுவப் போனார்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர' என்பதில் 'நார்' என்று எழுதினேன்.

குழியில் சுட்ட கற்கள், அதன்மேல் சிப்பி,
உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி, பெரிய பெரிய இலைகள்.
புகை புதுச் சுவரில் ஏறியது.
துடைக்கப் போன என்னை
எடெல்மிரா கையமர்த்தினாள்.
ஆள்கூலி எவ்வளவு என்று கேட்டேன், கணக்குக்காக.
சிரித்தார்கள்.
இங்கே பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்களாம்.
சாப்பாடு போட வேண்டும்;
இழுத்தவன் வீட்டை ஒருநாள் இழுக்க வேண்டும்.
'நீயும் சாப்பிட்டாய்' என்றாள், என் தட்டைப் பார்த்து.

மிஞ்சிய போல்ட்
அவர்கள் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள்.

போன வாரம் சேதி வந்தது:
எலியேசரின் படகுக் கொட்டகையைக் கரைமேல் நகர்த்துகிறார்கள்,
அடுத்த மாதம், பௌர்ணமி ஏற்றத்தில்.
விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்தது.
கடன், என்று எழுதிக் கொடுத்தேன்.
மேலாளர் என் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கிறார்.