ஃபிரிட்ஜ் என்ன சொல்கிறது

நவம்பரில் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன்.
பாலையும் மீனையும் பின்வாசல் பனியில் புதைத்தோம்.
அது தன் பெயரைச் சொல்கிறது என்றான் ஸின்ட்ரே.
பத்தொன்பது வயது. தச்சுப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு.

நான் ஃபியோர்டைக் கடக்கும் ஃபெரியில் எஞ்சின் பார்ப்பவன்.
சத்தமென்றால் எனக்குக் காரணம் வேண்டும்.
பின்தகட்டைக் கழற்றிக் காதை வைத்துக் கேட்டேன்,
ஒரு முழு இரவு.
எனக்கு அது கம்ப்ரெசர்தான்.

தூக்கமில்லை, அதனால், என்றாள் குன்வோர்.
பிறகு, அந்தப் பெண் விட்டுப் போனதால்.
பிறகு, இருட்டுக் காலம், எல்லோருக்கும் இருப்பதுதான்.
ஒவ்வொரு காரணமும் ஒரு வாரம் தாங்கியது.

என் அண்ணன் ஆர்வுக்கு
நாங்கள் பதினான்கு மாதம் காரணம் தேடினோம்.
கடைசியில் போலீஸ் வண்டி வந்தது.
அப்பா கதவைத் திறந்துவிட்டுக்
கொட்டகைக்குப் போய் விறகு பிளந்தார்,
வண்டி போன பிறகும் வெகுநேரம்.
அண்ணன் நடுங்கும் கைகளோடு திரும்பினான்.
முப்பது வருடமாக அவனுக்குக் காப்பி
பாதிக் கோப்பைதான் ஊற்றுகிறோம்.

ஃபெரியில், காப்பி மெஷின் பக்கத்தில், ஒரு தாள்.
அதன் மூலை பிய்ந்தபோது டேப் ஒட்டியவனே நான்தான்,
படிக்காமல்.
உங்கள் பிள்ளை மாறிவிட்டதாகத் தோன்றுகிறதா,
யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.
யார் வேண்டுமானாலும் என்றால் நானுமா, என்று கேட்டேன்.
நீங்களும்தான், என்றது ஒரு குரல். மகன் சாப்பிடுகிறானா?
பனியில் புதைத்த மீனைப் பற்றிச் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
எவ்வளவு நாளாக, என்று கேட்டாள்.

மறுநாளே இருவர் வந்தார்கள்.
செவிலி இங்வில். கூட யோஸ்தெய்ன் என்றொருவர்;
அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று விளங்கவில்லை,
காலுறையில் பெருவிரல் தெரிந்தது.
ஸின்ட்ரே மாடிப்படியில் நின்றான், இறங்க மறுத்து.
இங்வில் அண்ணாந்து கேட்டாள்:
ஃபிரிட்ஜ் என்ன சொல்கிறது?

பேசவில்லை, அது பேசவில்லை, பேசவே இல்லை என்று
மூன்று வாரம் அவனோடு மல்லுக்கு நின்ற நாங்கள்
வாயடைத்துப் போனோம்.
அவன் மூன்று படி இறங்கினான். சொன்னான்.
இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது.
எனக்கு ரேடியேட்டர், என்றார் யோஸ்தெய்ன்,
காலை மடித்துக்கொண்டே.

பிறகு நடந்ததெல்லாம் கதைக்கு உதவாது.
குறைந்த அளவில் ஒரு மாத்திரை. ஒன்பது கிலோ ஏறியது.
கத்தினான். அவனிடம் கேட்டு அவர்கள் வேறு மாற்றினார்கள்.
புதன்கிழமைகளில் பள்ளி நூலகத்தில் ஐந்து குடும்பங்கள், வாஃபிள்.
ஒரு மாலை முழுக்கப் பேசியது இதுதான்:
பகல் இரண்டு மணிக்கும் தூங்குபவனை எழுப்பலாமா,
எழுப்புவதென்றால் கதவைத் தட்டியா, காப்பி வாசனையாலா.
பலகையில் ஏழு யோசனை.
எங்கள் வீட்டில் ஒன்றும் பலிக்கவில்லை.
வேறொரு வீட்டில் நாய் பலித்ததாம்.

ஒருமுறை ஆர்வையும் கூட்டிப்போனேன்.
கடைசி நாற்காலியில், பாதிக் கோப்பையோடு இருந்தான்.
திரும்பும்போது, சுரங்கப்பாதைக்குள்,
என்னிடம் யாரும் கேட்கலை, என்றான்.
சுரங்கம் நாலு கிலோமீட்டர்.
நான் நேரே பார்த்து ஓட்டினேன்.

ஏப்ரலில் பனி இளகி, நாங்கள் மறந்த ஒரு மீன் நாறியது.
பிளக்கைச் செருகியது ஸின்ட்ரேதான்.
உறுமியது. நின்று கேட்டான்.
இன்னும் பேசுதா, என்றேன்.
அந்தக் கேள்வியை நான் கேட்பது அதுவே முதல் தடவை.
கொஞ்சம், என்றான்.
பாலை எந்தத் தட்டில் வைக்கிறது?

பின்தகட்டை மாட்ட உட்கார்ந்தோம்.
நாலு ஸ்க்ரூவில் மூன்றுதான் கிடைத்தது.