நாலாம் மாடி

இரவு பத்தேகாலுக்கு
சோரன்பேர்க்கிலிருந்து எக்லி ரீச்சர் எடுத்தா.
காய்ச்சல் இல்லையாம். வயிற்றுவலி என்று அழுகிறானாம்.
இரண்டு நாளாய் வெறும் பாண்.
பிறகு குரலைத் தணித்து,
படுக்கைப் பையைத் தோய்த்துப் போட்டாச்சு,
மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்றா.
கடைசியில் அந்த ஒற்றைச் சொல்: ஹைம்வே.

பதினேழு வயதில், அகதி முகாம் வைத்தியர்
என் கோப்பில் எழுதிய சொல் அது.
நோயின் பெயராக்கும் என்று
எத்தனை நாளில் மாறும் எனக் கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
நித்திரைக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று தந்தார்.

மிதுலனுக்கு ஒன்பது.
எம்மன்புரூக்கவில் பிறந்து
எம்மன்புரூக்கவிலேயே பல் விழுந்தவன்.
வகுப்போடு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போனவன்
அதற்குள் எந்த ஊரை இழந்தான்?

போனில் மூச்சு மட்டும்.
மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்:
"அப்பா, லிப்ற் வேலை செய்யுதோ?"
"ஓம், செய்யுது."
"சத்தம் கேக்க ஏலுமோ?"

சாரத்தோடு வெளியே வந்து பொத்தானை அமத்தினேன்.
இரண்டாம் மாடியில் வழக்கமான முனகலோடு
ஏறி வந்து நின்றது.
கதவிடுக்கில் போனைப் பிடித்தேன்.
"இது இல்லையப்பா. அதுக்குப் பிறகு வாறது."

அதுக்குப் பிறகு வந்தது.
கதவு முழுக்க மூடுமுன்
ஒரு சின்னப் பெருமூச்சு.
பதினொரு வருசம் ஏறி இறங்கியும்
நான் கேட்டிராத ஒன்று.

"இப்ப அம்மாட சாவி."
வேலையால் களைத்து வருகிறவள்
இரண்டு தரம் பிழையாய்ப் போட்டு
மூன்றாந்தரம் திறப்பாள்.
அப்படியே செய்தேன்.
பல்லுத்தூரிகை வாயோடு எதிர்வீட்டு பெசார்ட்
கதவைத் திறந்து,
சாவித்துளைக்குப் போன் காட்டும் மனிசனைப் பார்த்து,
மெல்ல மூடிக்கொண்டார்.

"நான் வரட்டோ? இப்பவே வெளிக்கிட்டால் முக்கால் மணி."
கனநேரம் ஒன்றுமில்லை.
"வேண்டாம். வைக்காதேங்கோ. அங்கினேக்கையே நில்லுங்கோ."
நின்றேன்.
படிக்கட்டு விளக்கு தானாய் அணைந்தது,
கையை ஆட்டினேன், எரிந்தது, அணைந்தது.
மூச்சு நீண்டுகொண்டு போய்
ரீச்சரின் கிசுகிசுப்பு வந்தது: தூங்கிவிட்டான்.

முகாமிலும் ஒரு தொலைபேசி இருந்தது,
காசு விழ விழப் பேசும் பெட்டி.
அதில் எதைக் கேட்டிருப்பேன்?
எங்கள் வீட்டுக்கு அப்போது கதவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தான்.
சப்பாத்தெல்லாம் சேறு.
பனி கிடந்த இடத்தில் நரி கண்டதாம்.
தான்தான் முதலில் கண்டதாம்.
செவ்வாய் இரவைப் பற்றி ஒரு சொல் இல்லை.
நானும் கேட்கவில்லை.

நாலாம் மாடியில் பையை இழுத்துக்கொண்டு
அவன் ஓடிவிட்டான்.
நான் உள்ளேயே நின்றேன்,
கதவு மூடட்டும் என்று.